ஆடுகளத்தில் ஓர் ஆசிரியர்

பாடநூலைக் கையிலேந்தி வகுப்பில் நிற்பவரே ஆசிரியர் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். மாலை வேளையில் மைதானத்து ஓரத்தில் விசிலோடு நிற்பவரை அவ்வரிசையிற் சேர்க்க நம் மனம் எளிதில் இசைவதில்லை. தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட நான், நம் கல்லூரி விழா மலருக்கு இலக்கியக் கட்டுரையொன்று தருவேன் என்றே மலர்க் குழுவினர் எதிர்பார்த்திருப்பர். அதை விடுத்து, இங்கிலாந்து தேசத்து உதைபந்தாட்ட வீரர் ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. கற்பித்தல் என்னும் தொழிலின் பெருமையையும் சிறுமையையும் ஒருங்கே காட்டுவது அவருடைய வாழ்க்கை. பிறையன் கிளவ் என்பது அவர் பெயர்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். ஒரு கலையில் வல்லவராதல் வேறு. அக்கலையைப் பிறர்க்குப் பயிற்றுதல் வேறு. முன்னது தன் ஆற்றலை அறிவதால் வருவது. பின்னது பிறன் ஆற்றலை அறிவதால் வருவது. மாணவனிடத்தில் இல்லாதது யாது என்று காண்டல் எவர்க்கும் எளிது. இருப்பது யாது என்று காண்பவனே ஆசிரியன். இவ்வுண்மையைக் கிளவ்வின் வெற்றிகள் காட்டுகின்றன. அவருடைய தோல்விகளோ அதனினும் தெளிவாகக் காட்டுகின்றன.

கிளவ் 1935-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21-ஆந் திகதி, வட இங்கிலாந்திலுள்ள மிடில்ஸ்பரோ என்னும் தொழில் நகரிற் பிறந்தார். தந்தையார் இனிப்புப்பண்டத் தொழிற்சாலையொன்றிற் பணிபுரிந்தவர். பிள்ளைகள் பலர் நிறைந்த எளிய குடும்பம். அக்காலத்து இங்கிலாந்திலே பதினொரு வயதுச் சிறுவரைத் தரம் பிரிக்கும் பரீட்சையொன்று நடைபெற்றுவந்தது. அதிற் சித்தியடைந்தோர் உயர்கல்விக்கு வழிசெய்யும் பாடசாலைகளுக்குச் சென்றனர். ஏனையோர் உடலுழைப்புக்கே உரியர் எனக் கருதப்பட்டு வேறு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். கிளவ் அப்பரீட்சையிலே தவறினார். தவறியவர், தாம் சென்ற பாடசாலையில் மாணவர் தலைவராக உயர்ந்தார் என்பது கருதத்தக்கது. எனினும் பதினைந்தாம் வயதிற் சான்றிதழ் எதுவுமின்றிப் பாடசாலையை விட்டு நீங்கி, இரசாயனத் தொழிற்சாலையொன்றில் வேலைக்கமர்ந்தார்.

நம் நாட்டின் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை அறிந்த பெற்றோர்க்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்தமைக்காகப் பத்து வயதுக் குழந்தை தலைகுனிந்து நிற்பதையும், அயலாரின் வினாவுக்கு அஞ்சித் தாய் வீட்டினுள்ளே அடைந்து கிடப்பதையும் நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். ஒரு காலைப்பொழுதின் விடைத்தாள் ஒரு மனிதனை அளந்து முடித்துவிட்டது என்று நம்புவது எத்துணைப் பேதைமை!

அவ்வாறு அளந்து ஒதுக்கப்பட்ட இளைஞர், தம் ஊர்க் கழகமாகிய மிடில்ஸ்பரோவுக்கு 1955 முதல் 1961 வரை ஆடி, 213 லீக் ஆட்டங்களில் 197 கோல்களைப் போட்டார். பின்னர் சண்டர்லாந்துக் கழகத்திற் சேர்ந்து 61 லீக் ஆட்டங்களில் 54 கோல்களைப் போட்டார். ஆக, 274 ஆட்டங்களில் 251 கோல்கள். இவற்றுள் ஏறக்குறைய எல்லாம் இரண்டாம் பிரிவிற் பெற்றவையாயினும், இத்தகைய விகிதம் எக்காலத்தும் அரிது. அங்ஙனமிருந்தும் இங்கிலாந்துத் தேசிய அணிக்கு அவர் ஆடியது 1959-ஆம் ஆண்டில் இரண்டே முறைதான். காலின் திறமைக்கு நாவின் கடுமை பகையாயிற்று. மிடில்ஸ்பரோ அணியின் தலைவராக அவர் இருந்தபோது, அத்தலைமை வேண்டாவெனச் சக வீரர்கள் கையொப்பமிட்டு முறையிட்டதும் உண்டு. இவர் பின்னாளில் வீரர்களை வழிநடத்தும் பெரும் பயிற்றுநராவார் என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால் கேட்டோர் நகைத்திருப்பர்.

1962-ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் அவருடைய வாழ்வு திசை மாறியது. பரி அணியோடு நடந்த ஆட்டத்தில், எதிரணிப் பந்துகாப்பாளருடன் மோதி அவர் வீழ்ந்தார். முழங்காலின் நார்கள் அறுந்தன. அன்றைய வைத்தியம் அத்தகைய காயத்தை முற்றாக ஆற்ற வல்லதன்று. ஏறத்தாழ ஈராண்டு கழித்து மூன்று லீக் ஆட்டங்களில் ஆடிப்பார்த்தார்; இயலவில்லை. இருபத்தொன்பது வயதில் ஆட்டம் முடிந்தது. கல்வித் தகுதியும் இல்லை. வேறு கைத்தொழிலும் இல்லை. அந்நிலையில் சண்டர்லாந்தின் முகாமையாளராயிருந்த ஜோர்ஜ் ஹாட்விக் என்பவர், கழகத்தின் இளைஞர் அணியைப் பயிற்றும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். தாம் இனி ஓட முடியாத மைதானத்திலே பிறரை ஓடச் செய்யும் தொழில் அங்ஙனம் அவருக்கு வாய்த்தது.

1965-ஆம் ஆண்டு ஒக்டோபரில், தம் முப்பதாவது வயதில், கிளவ் ஹார்ட்டில்பூல்ஸ் கழகத்தின் முகாமையாளரானார். நான்காம் பிரிவின் அடியிலே கிடந்த வறிய கழகம் அது. செலவைச் சுருக்குவதற்காக அணியின் பேருந்தைத் தாமே செலுத்துவதற்கு உரிமம் பெற்றார். அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தவர் பீற்றர் டெய்லர். இவர் மிடில்ஸ்பரோவிற் பந்துகாப்பாளராக இருந்தவர். முதலணியில் இடங்கிடையாது இளம் கிளவ் வாடியிருந்த நாள்களில், அவருடைய திறமையைக் கண்டு எடுத்துரைத்தவரும் இவரே. பிறர் காணாததைக் காணும் கண் டெய்லருக்கு இருந்தது. கண்டதை வெளிக்கொணரும் ஆற்றல் கிளவ்வுக்கு இருந்தது. இருவரும் சேர்ந்தபோதுதான் ஒரு முழு ஆசிரியர் உருவானார் எனலாம்.

அதன் பின் நிகழ்ந்தவை விளையாட்டுலகம் நன்கறிந்தவை. 1967-இல் இரண்டாம் பிரிவிலிருந்த டார்பி கவுண்டிக் கழகத்தை ஏற்றார்கள். 1969-இல் அப்பிரிவில் முதலிடம். 1972-இல் அக்கழகத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக முதற்பிரிவு வெற்றி. 1975 ஜனவரியில் கிளவ் நொட்டிங்ஹாம் பொரெஸ்ற் கழகத்துக்குச் சென்றபோது அதுவும் இரண்டாம் பிரிவின் நடுவிலே கிடந்தது. அடுத்த ஆண்டு டெய்லர் வந்து சேர்ந்தார். 1977-இல் முதற்பிரிவுக்கு ஏறிய அவ்வணி, மறு ஆண்டே இங்கிலாந்தின் முதலிடத்தைப் பெற்றது. 1977 நவம்பர் தொடக்கம் ஓராண்டுக்கு மேலாக, 42 லீக் ஆட்டங்களில் அது தோல்வி காணவில்லை. 1979-இல் மியூனிக் நகரிலும் 1980-இல் மட்ரிட் நகரிலும் ஐரோப்பியக் கிண்ணத்தைத் தொடர்ந்து இருமுறை வென்றது.

இவ்வெற்றிகளின் மறைபொருள் யாது? செல்வமே என்பார் உளர். 1979 பெப்ரவரியில் பத்து இலட்சம் பவுண் விலைக்கு ரெவர் பிரான்சிஸ் என்னும் வீரரை வாங்கியவர் கிளவ்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வணியின் உயிராயிருந்தோர் பலர் பிறரால் எறியப்பட்டவர்கள். மூவரை மாத்திரம் எடுத்துக்காட்டுகின்றேன்.

ஜோன் றொபேட்சன் என்பவர் பொரெஸ்ற் கழகத்தில் ஏற்கெனவே இருந்தவர். விற்கப்படவேண்டியோர் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தவர். உடற்பருமன் உண்டு, வேகம் இல்லை, புகைப்பழக்கமும் உண்டு. கிளவ்வும் டெய்லரும் அவரிடத்தில் வேறொன்றைக் கண்டனர்: நினைத்த இடத்துக்குப் பந்தை அனுப்பும் கால். இடப்புற ஓரத்தில் அவரை நிறுத்தி, பந்து கிடைக்கும்போதெல்லாம் அவரிடம் கொடுங்கள் என்று ஏனையோர்க்குப் பணித்தனர். 1979-இல் இறுதியாட்டத்தின் ஒரே கோல், அவர் அனுப்பிய பந்திலே பிரான்சிஸ் தலையாற் போட்டது. 1980-இல் இறுதியாட்டத்தின் ஒரே கோலை அவரே போட்டார்.

இரண்டாமவர் கெனி பேர்ன்ஸ். பேர்மிங்ஹாமில் முன்னணி வீரராகவும் முரடராகவும் பெயர் பெற்றிருந்தவர். அவரைப் பின்னணிக் காவலராக மாற்றினர். ஓராண்டுக்குள், 1978-இல், உதைபந்தாட்ட எழுத்தாளர் சங்கத்தின் ஆண்டுச் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. மூன்றாமவர் ஜோன் மக்கவர்ன். ஹார்ட்டில்பூலிற் பதினாறு வயதுச் சிறுவனாகக் கிளவ்வின் கையில் வந்தவர். ஓட்டத்தில் அழகில்லையென்று பார்வையாளராற் பழிக்கப்பட்டவர். கிளவ் பின்னர் டார்பிக்கும் லீட்ஸுக்கும் பொரெஸ்ற்றுக்கும் அவரை அழைத்துக்கொண்டார். ஐரோப்பியக் கிண்ணத்தை இருமுறை உயர்த்திய அணித் தலைவர் அச்சிறுவரே.

திருவள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று தனியதிகாரம் வகுத்தார். அரசர்க்கு உரைத்த அந்நீதி ஆசிரியர்க்கும் உரியதன்றோ? இவனால் எது இயலும் என ஆராய்ந்து, அதனை அவனிடமே விட்டுவிடுதல் அதன் சாரம். கிளவ் தம் வீரர்க்கு நீண்ட விரிவுரை நிகழ்த்தியவரல்லர். கரும்பலகையிற் கோடு கீறி மயக்கியவருமல்லர். உனக்கு இயன்றதைச் செய், இயலாததை அருகிலிருப்பவனிடம் விடு, பந்தைத் தரையிலே வைத்து ஆடு, நடுவரோடு வாதாடாதே என்பவையே அவர் போதித்த பாடம். நடுவரை மதியாத வீரர் எத்துணைத் திறமையுடையரேனும் அவர் பொறுத்ததில்லை. தாம் பிறரை மதிப்பதில் அவர் தவறியதுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

பவணந்தி முனிவர் நன்னூலின் தொடக்கத்தில் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் பூவையும் உவமை கூறினார். ஆசிரியராகத் தகாதவர்க்குக் கூறிய உவமைகளுள் ஒன்று பனைமரம். தானாகப் பழத்தை உதிர்த்தாலன்றி, அணுகிப் பறிக்க இடங்கொடாதது அது. பனையின் நாட்டிற் பிறந்த நமக்கு இவ்வுவமை நன்கு விளங்கும். பெருவீரர் பலர் பயிற்றுநராக வந்து தோற்பதற்குக் காரணம் இதுவே. தமக்கு இயல்பாக வந்தது பிறர்க்கு ஏன் வரவில்லை என்பது அவர்க்கு விளங்குவதில்லை. உயர நிற்பார், கீழே நிற்கும் சிறுவனுக்கு எட்டார். எம் தொழிலிலும் இக்குறை உண்டு. பெரும்புலவர் சிலரின் வகுப்பில் மாணவர் பசியோடு இருந்து பசியோடு எழுந்ததை நாம் கண்டதில்லையா?

கிளவ்வும் ஒருமுறை பனையாக நின்றார். 1974 ஜூலையில், அவ்வாண்டின் முதற்பிரிவு வெற்றியாளராகிய லீட்ஸ் கழகத்தின் பொறுப்பை ஏற்றார். டெய்லர் உடன் செல்லவில்லை. முன்னர்ப் பலமுறை அவ்வணியின் ஆட்டத்தைப் பழித்துரைத்தவர், முதற் சந்திப்பிலேயே, நீங்கள் பெற்ற பதக்கங்கள் நேர்மையால் வந்தவையல்ல, குப்பைத் தொட்டியில் எறியுங்கள் என்ற கருத்துப்படப் பேசினார். தேசமறிந்த வீரர்கள் வாய்மூடி இருந்தனர், மனத்தையும் மூடிக்கொண்டனர். நாற்பத்து நான்கு நாள்களில் அவர் விலக்கப்பட்டார். டார்பியில் வென்றவரும் பொரெஸ்ற்றில் வென்றவரும் இவரே. அறிவு குறையவில்லை, உழைப்பு குறையவில்லை. மாணவர்பால் மதிப்பு ஒன்றே குறைந்தது. அது குறைந்தவிடத்து ஏனைய எல்லாம் இருந்தும் பயனில்லையாயிற்று.

அதனினும் வருந்தத்தக்கது ஜஸ்ரின் பஷானு என்னும் இளைஞரின் வரலாறு. 1981-இல் பத்து இலட்சம் பவுண் கொடுத்துப் பொரெஸ்ற் கழகம் வாங்கிய கறுப்பின வீரர் அவர். அவர் தன்பாலீர்ப்பு உடையவர் என்று கேள்வியுற்ற கிளவ், அவரை இழித்துப் பேசிப் பயிற்சிக்கு வராது விலக்கினார். இளைஞர் மனம் ஒடிந்தது, ஆட்டமும் ஒடிந்தது. 1998-இல் பஷானு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இடையில் எவ்வளவோ நிகழ்ந்தன. அம்முடிவுக்குக் கிளவ்வையே காரணர் ஆக்குதல் நீதியன்று. ஆயினும், பருத்த உடலுக்குள்ளே றொபேட்சனின் கலையைக் கண்ட அதே கண், இவ்விளைஞரைக் காண மறுத்தது. குருடு வேறு, காண மறுத்தல் வேறு. ஆசிரியர்க்கு மன்னிக்க அரியது இரண்டாவதேயாம்.

துணையைப் பேணுவதிலும் அவர் தவறினார். 1982-இல் பொரெஸ்ற்றை விட்டு விலகிய டெய்லர் பின்னர் டார்பியின் முகாமையாளரானார். 1983-இல் கிளவ்வுக்கு அறிவியாது றொபேட்சனைத் தம் கழகத்துக்கு எடுத்துக்கொண்டார். அன்று முறிந்த பேச்சு மீளவில்லை. 1990-இல் டெய்லர் காலமானார். பின்னர் வெளிவந்த தம் வாழ்க்கை நூலைக் கிளவ் அவருக்கே உரிமையாக்கினார். வாழும்போது கொடுக்கவேண்டிய மடலை இறந்தபின் கொடுத்தது போலாயிற்று. 1989-இல் மைதானத்திற் புகுந்த பார்வையாளரைக் கையால் அடித்துத் தண்டனை பெற்றார். மதுப் பழக்கம் அவரை மெல்ல உண்டது. 1993-இல் பொரெஸ்ற் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியதோடு ஓய்வுபெற்றார். 2003-இல் ஈரல் மாற்றுச் சிகிச்சை நிகழ்ந்தது. 2004-ஆம் ஆண்டு செப்டெம்பர் 20-ஆந் திகதி, தம் அறுபத்தொன்பதாவது வயதில் இயற்கையெய்தினார்.

கடுஞ்சொல்லும் அடியும் அவருடைய வெற்றிக்குக் காரணம் என்று கூறுவோர் இன்றும் உளர். பிரம்பைத் துறக்க மனமில்லாத ஆசிரியர்க்கும் பயிற்றுநர்க்கும் இது இனிய செய்தியாக இருக்கலாம். நான் அதனை முற்றாக மறுக்கின்றேன். அவர் வென்றவிடமெல்லாம் வீரரின் ஆற்றலை உணர்ந்து நடந்தவிடம். அவர் இகழ்ந்தவிடமெல்லாம் தோற்றவிடம். ஒருவரின் குறைகளை அவருடைய நிறைகளுக்குக் காரணமாகக் கொள்வது, மரத்தைப் பற்றிய புல்லுருவியால் மரம் காய்த்தது என்பது போலாம்.

பிறரைக் குறைகூறும் நான் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பின் கடைசி வாங்கில் ஒரு மாணவன் இருந்தான். அவன் கட்டுரைக் கொப்பியிற் சிவப்பு மையே மிகுந்திருக்கும். உனக்கும் தமிழுக்கும் வெகுதூரம் என்று ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் கூறினேன், வகுப்புச் சிரித்தது. அவ்வாண்டு இல்ல விளையாட்டுப் போட்டியன்று அறிவிப்பாளராக வரவேண்டியவர் வரவில்லை. யாரோ அம்மாணவனிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தனர். ஐந்து மணி நேரம் அவன் பேசினான். தடையில்லை, பிழையில்லை, ஓடுபவரின் மூச்சோடு அவன் சொல்லும் ஓடியது. அஞ்சலோட்டத்தின் இறுதிச் சுற்றை அவன் வருணித்தபோது பெற்றோர் வரிசை எழுந்து நின்றது. கூடாரத்து நிழலில் இருந்த நான் தலைகவிழ்ந்தேன். மூன்று ஆண்டுகள் என் முன்னே இருந்த தமிழை நான் காணவில்லை. எழுத்துப் பிழைகளை மாத்திரமே எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அவன், "பரவாயில்லை, சேர்" என்றான். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

விழாக் காலத்தில் பழைய மாணவராகிய நாம் கல்லூரிக்கு எதனைக் கொடுப்பது என்று ஆலோசிக்கின்றோம். மண்டபமும் மதிலும் வேண்டியவையே. அவற்றை மறுத்துரைப்பது என் நோக்கமன்று. அவற்றோடு இரண்டு செய்தல் நன்று என்பது என் தாழ்மையான கருத்து. முதலாவது, நம் மைதானத்திற் பயிற்றுபவர், முன்னாளிற் சிறந்து ஆடியவர் என்ற ஒன்றாலே நியமனம் பெறலாகாது. பயிற்றும் முறையைக் கற்பதற்கு வேண்டிய பொருளுதவியை நம் சங்கம் அவருக்கு அளிக்கவேண்டும். ஆசிரியர்க்குப் பயிற்சிக் கலாசாலை வேண்டுமெனில், பயிற்றுநர்க்கு மாத்திரம் ஏன் வேண்டாம்? இரண்டாவது, முதலணியில் இடம்பெறாத சிறுவரும் வாரத்தில் ஒருநாளாவது அதே மைதானத்தில், அதே பந்தோடு, அதே பயிற்றுநரின் கண்முன் ஆடவேண்டும். காணப்படாத றொபேட்சன் எந்தப் பட்டியலில் ஒதுங்கியிருக்கிறான் என்று யார் அறிவார்?

பதினொரு வயதில் தகுதியற்றவன் எனத் தள்ளப்பட்ட ஒரு பிள்ளை, பிறரால் தள்ளப்பட்டோரைக் கொண்டே ஐரோப்பாவை வென்றான். பிறரைத் தள்ளியபோது தானும் வீழ்ந்தான். இவ்விரண்டையும் நெஞ்சில் நிறுத்துவோமாக. நம் கல்லூரியின் வாயிலில் நாளை நுழையும் குழந்தை புள்ளிகளோடு வரலாம், புள்ளிகளின்றியும் வரலாம். இவனிடத்தில் என்ன உண்டு என்று ஆராயும் ஆசிரியர் ஒருவர் வகுப்பிலேனும் மைதானத்திலேனும் அவனுக்காகக் காத்திருப்பாராயின், நம் கல்லூரி அன்னை இன்னும் பல விழாக்கள் காண்பாள்.